ஊர் மீண்டும் எழுவது எவ்வாறு? கில்லாரியும் கட்சும் தரும் பாடம்

(பேரிடர் மறுவாழ்வுப் பணிகளை நேரில் கண்டறிய ஆய்வுப் பயணம் புறப்படவிருந்த அதிகாரிகள், பொருளாதார மாணவர்கள் ஆகியோரிடையே ஆற்றப்பட்ட உரை)

ஒரு வீடு தீப்பற்றி எரிந்தால் அண்டை வீட்டார் ஓடி வருவர். ஒரு குடும்பத்தில் சாவு நேர்ந்தால் ஊரார் கூடி ஆறுதல் கூறுவர். அடுப்பு மூட்டாத அவ்வீட்டுக்கு வேளை தவறாமல் சோறு வந்து சேரும். நம் நாட்டுக் கிராமங்களில் துயரத்தை ஆற்றும் முறை இதுவே. ஆனால் ஊர் முழுவதும் இடிந்து, ஒவ்வொரு வீட்டிலும் சாவு நிகழ்ந்துவிட்டால் யார் யாருக்கு ஆறுதல் கூறுவது? யார் யாருக்குச் சோறு சமைப்பது? ஆறுதல் கூற வேண்டியவரே ஆறுதல் தேடி நிற்கும் நிலை அது. தனி மனிதரின் துயரத்துக்கும் ஒரு சமுதாயம் ஒருங்கே அடையும் துயரத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியுள்ளது. பேரிடருக்குப் பிந்திய பணிகளை ஆராய முற்படுவோர் முதலில் உணர வேண்டிய உண்மையும் இதுவே.

இத்தகைய பணிகளை நேரில் காண அதிகாரிகள் குழுக்களாகச் செல்வது வழக்கமாகிவிட்டது. புதிய வீடுகளையும் புயல் காப்பகங்களையும் பார்வையிட்டு, புள்ளிவிவரங்களைத் திரட்டிக்கொண்டு திரும்புவர். இப்பயணங்கள் பயனற்றவை என்று கூறிவிட முடியாது. எனினும், இத்துறையில் நம் நாடு கண்ட பயன் மிகுந்த ஆய்வுப் பயணங்களுள் ஒன்றை மேற்கொண்டவர்கள் அதிகாரிகள் அல்லர், வல்லுநர்களும் அல்லர். மராட்டிய மாநிலத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களைச் சேர்ந்த கிராமப் பெண்கள் 2001-ஆம் ஆண்டில் குஜராத் மாநிலத்துக்குச் சென்ற பயணமே அது. அவர்கள் ஏன் சென்றனர், எதைக் கொண்டு சென்றனர் என்பதை அறிய வேண்டுமாயின், அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் இரவிலிருந்து தொடங்க வேண்டும்.

கில்லாரியின் இரவு

1993 செப்டம்பர் 29 அன்று மராட்டியக் கிராமங்களில் பிள்ளையார் சிலைகளை நீரில் கரைக்கும் விழா நடைபெற்றது. விழா முடிந்து மக்கள் அயர்ந்து உறங்கிய நேரத்தில், 30-ஆம் நாள் விடியற்காலை 4 மணிக்குச் சில நிமிடங்களுக்கு முன்னர், லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியை ஒட்டிய பகுதியில் நிலம் நடுங்கியது. லாத்தூரிலும், இன்று தாராசிவ் என வழங்கும் உஸ்மானாபாத் மாவட்டத்திலும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். 52 கிராமங்கள் பெரும்பாலும் தரைமட்டமாயின.

நடுக்கத்தின் வலிமை அளவுகோலில் ஆறுக்குச் சற்று மேற்பட்டதே. இத்தகைய நடுக்கத்தில் இவ்வளவு உயிர்கள் ஏன் போயின? தக்காணப் பீடபூமி அசையாத நிலம் என்ற நம்பிக்கை நிலவியது. அந்நாளைய நிலநடுக்க வரைபடமும் இப்பகுதியை அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலத்திலேயே வைத்திருந்தது. வீடுகள் கருங்கல்லை மண் சாந்தில் அடுக்கிக் கட்டப்பட்டவை. சுவரின் பருமன் இரண்டடிக்குக் குறையாது. கோடை வெயிலைத் தடுப்பதற்காக மர உத்தரங்களின்மீது மண்ணைக் கனமாகப் பரப்பிக் கூரை அமைப்பது அப்பகுதி வழக்கம். கோடையில் குளிர்ச்சி தந்த அந்த மண்ணும் கல்லுமே உறங்கியவர்களைப் புதைத்துவிட்டன. அதன் பின்னர் நெடுநாள்வரை, சுவர் விழாமல் தப்பிய வீடுகளுக்குள்ளும் மக்கள் படுத்துறங்க அஞ்சினர். தலைமுறை தலைமுறையாகத் தங்களைக் காத்து வந்த கல்லின்மீதே அவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது.

கணக்கில் வராத இழப்பு

பேரிடருக்குப் பின் தாசில்தார் அலுவலகம் தயாரிக்கும் பட்டியலில் மாண்டவர் எண்ணிக்கை இருக்கும். இடிந்த வீடுகள், மடிந்த கால்நடைகள், அழிந்த பயிர் ஆகியவை இருக்கும். உறக்கம் இழந்தவர், பேச்சு இழந்தவர், உழவில் நாட்டம் இழந்தவர் ஆகியோருக்கு அப்பட்டியலில் இடம் இருந்ததில்லை.

இக்குறையை நாடு உணரத் தொடங்கியது 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்த பின்னரேயாகும். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் அங்குச் சென்று, மருந்தகங்களில் பணியாற்றும் சாதாரண மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளித்தனர். லாத்தூர் நிலநடுக்கம், 1999 ஒடிசாப் புயல், 2001 குஜராத் நிலநடுக்கம், 2004 ஆழிப்பேரலை எனத் தொடர்ந்து வந்த பேரிடர்களில் அந்த அனுபவம் விரிவடைந்தது. சிலருக்கு மருத்துவரின் உதவி கட்டாயம் தேவை. ஆயினும் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது பொறுமையுடன் செவிசாய்க்கும் ஒருவரும், காலையில் எழுந்ததும் செய்வதற்கு ஒரு வேலையும், முன்பு பழகிய அதே அண்டை அயலாருமே ஆகும். சற்றுப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் இவ்வகையில் பேருதவி புரிய இயலும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-இல் வெளியிட்ட மனநல, சமுதாய ஆதரவு வழிகாட்டு நெறிகள் இத்தகைய உதவியை நிவாரணப் பணியின் ஓர் உறுப்பாகவே ஏற்றுக்கொண்டன.

இங்கே பொருளாதார மாணவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பழகிய அண்டை அயலும் நாள்தோறும் செய்யும் வேலையும் மருந்தாக அமையுமெனில், வீடு கட்டும் திட்டம் என்பது செங்கல்லையும் சிமெண்டையும் மட்டும் பற்றியதாக இருக்க முடியாது. வீட்டை யார் கட்டுகிறார்கள், எங்கே கட்டுகிறார்கள் என்பவை மன நலத்தையும் தொடும் வினாக்களாகிவிடுகின்றன.

இரு வழிகள்

மராட்டிய அரசு உலக வங்கியின் கடனுதவியுடன் மிக விரிவான மறுவாழ்வுத் திட்டத்தை மேற்கொண்டது. அதில் இரு வழிகள் கையாளப்பட்டன.

முற்றிலும் அழிந்த 52 கிராமங்கள் வேறிடத்தில் புதிதாக அமைக்கப்பட்டன. ஒப்பந்தக்காரர்களும் தொண்டு நிறுவனங்களும் நன்கொடையாளர்களும் இவ்வூர்களில் ஏறத்தாழ 28,000 வீடுகளைக் கட்டினர். குடும்பத்தின் நிலவுடைமைக்கு ஏற்ப வீட்டின் பரப்பு 250 சதுர அடி முதல் 750 சதுர அடி வரை வகுக்கப்பட்டது. நேர்கோட்டுச் சாலைகள், வரிசை வரிசையாக வீடுகள், பள்ளிக்கும் பஞ்சாயத்துக்கும் தனித்தனி இடம் என நகரத்தின் பாணியில் ஊர்கள் எழுந்தன. உயிருக்கு அஞ்சி நின்ற மக்களுக்கு உறுதியான கூரை கிடைத்தது. இது சிறிய சாதனையன்று.

எனினும் நாள் செல்லச் செல்லக் குறைகள் தோன்றின. பழைய ஊரில் உறவினர் வீடுகள் ஒரு முற்றத்தைச் சூழ்ந்து நெருங்கி இருந்தன. புதிய ஊரோ பழைய ஊரைப் போலப் பல மடங்கு பரந்து கிடந்தது. கிழவி ஒருத்தி மகள் வீட்டுக்குச் செல்ல நெடுந்தொலைவு நடக்க வேண்டியதாயிற்று. கலப்பைக்கும் தானியத்துக்கும் மாட்டுக்கும் வீட்டில் இடமில்லை. அகன்ற சாலைகளையும் குழாய்களையும் பராமரிக்கப் பஞ்சாயத்திடம் போதிய வருவாய் இல்லை. பலர் வீட்டை ஒட்டித் தாங்களாகவே கொட்டகைகளும் அறைகளும் கட்டிக்கொண்டனர். அவற்றுள் நிலநடுக்கத்தைத் தாங்காதவையும் உண்டு.

இரண்டாவது வழி, முற்றிலும் அழியாமல் சேதமடைந்த வீடுகளைப் பழைய இடத்திலேயே பழுதுபார்த்து வலுப்படுத்துவது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள் இவ்வழியில் சீர்செய்யப்பட்டன. அரசு பணத்தையும் பொருள்களையும் தொழில்நுட்ப ஆலோசனையையும் தந்தது. வீட்டுக்காரரே முன்னின்று வேலையை முடித்தார். இங்கு இடர்ப்பாடு வேறு வகையாக இருந்தது. வீடுகள் ஏராளமான கிராமங்களில் சிதறிக் கிடந்தன, பொறியாளர்களோ சிலரே. உதவி பெறத் தகுதியுடையவர் யார், தவணை எப்போது வரும், கம்பி எங்கே வைக்க வேண்டும் என்பவற்றை விளக்க ஊர்தோறும் ஓர் ஆள் தேவைப்பட்டார்.

உரையாடலுக்குத் துணைவர்

இத்தேவையை நிறைவு செய்ய முன்வந்தவர்கள் கிராமத்துப் பெண்கள். பிரேமா கோபாலன் நிறுவிய ‘ஸ்வயம் சிக்ஷண் பிரயோக்’ என்னும் தன்னார்வ அமைப்பு இப்பணியில் அரசுக்குத் துணை நின்றது. மகளிர் மன்றங்களைச் சேர்ந்த பெண்கள் ஊர்தோறும் ‘சம்வாத் சகாயக்’, அதாவது உரையாடலுக்குத் துணைவர், என்ற பொறுப்பில் அமர்த்தப்பட்டனர். அதுவரை கிராம சபையில் வாய் திறவாதவர்களே அவர்களுள் பலர்.

அவர்களுடைய வேலை எளியதாகத் தோன்றும். வீடு வீடாகச் சென்று திட்டத்தை விளக்குவது, சிமெண்டும் மணலும் கலக்கும் விகிதத்தைக் கவனிப்பது, கட்டிய சுவருக்கு உரிய நாள்வரை தண்ணீர் ஊற்றச் சொல்வது, கதவு நிலைகளுக்கு மேலே சுவரைச் சுற்றிக் கம்பி வைத்த கான்கிரீட்டுக் கட்டு ஓடுகிறதா என்று பார்ப்பது, தவணை தாமதமானால் வட்டார அலுவலகத்தில் கேட்பது ஆகியவையே அவை. ஆனால் இவ்வேலையின் வழியே மற்றொன்றும் நிகழ்ந்தது. நிவாரண வரிசையில் கையேந்தி நின்றவர்கள் கணக்குக் கேட்பவர்களாக மாறினர். சுவர் எதனால் விழுந்தது, எதனால் விழாமல் நிற்கும் என்பதை அறிந்துகொண்டபோது, சுவரைப் பற்றிய அச்சமும் சிறிது சிறிதாக விலகியது. வீடுகள் முடிந்த பின்னும் பல மகளிர் குழுக்கள் கலையவில்லை. சேமிப்பு, கடன், குடிநீர், சுகாதாரம் எனத் தம் பணியைத் தொடர்ந்தன.

செலவுக் கணக்கிலும் இவ்வழிக்கு ஒரு சிறப்பு உண்டு. ஒப்பந்தக்காரர் வெளியிலிருந்து ஆட்களையும் பொருளையும் கொண்டுவந்து, பணி முடிந்ததும் திரும்பிவிடுகிறார். வீட்டுக்காரர் கையில் கொடுக்கப்படும் பணமோ உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் மணல் வண்டிக்காரருக்கும் செல்கிறது. கொத்தனார் கற்ற புதிய முறை அடுத்த வீட்டிலும் அடுத்த ஊரிலும் பயன்படுகிறது. பேரிடரால் வேலையிழந்த வட்டாரத்துக்கு இதைவிடப் பயனுள்ள முதலீடு அரிது.

கட்சுக்குச் சென்ற பெண்கள்

2001 சனவரி 26, குடியரசு நாள். காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்சு மாவட்டத்தை மையமாகக் கொண்டு கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. 13,800-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அஞ்சார் நகரில் கொடியேந்தி அணிவகுத்துச் சென்ற பள்ளிச் சிறுவர் சிறுமியரும் அவர்தம் ஆசிரியர்களும் குறுகிய தெருவில் இருபுறமும் சரிந்த கட்டடங்களுக்கு இடையே சிக்கி மாண்டனர்.

இந்நிலையில்தான் லாத்தூர், உஸ்மானாபாத் பெண்கள் குஜராத்துக்குப் புறப்பட்டனர். அவர்கள் பேசிய மொழி வேறு. உடுத்திய முறை வேறு. ஆயினும் அறிமுகத்துக்கு ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது: வந்திருப்பவர்களும் இடிபாடுகளிலிருந்து மீண்டவர்கள். அரசு அதிகாரியோ மருத்துவரோ “காலம் துயரை ஆற்றும்” என்று கூறலாம். கேட்பவர் அதை நம்ப வேண்டிய கட்டாயமில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் அனைத்தையும் இழந்த ஒருத்தி எதிரே அமர்ந்து, வீடு கட்டியதையும் குழு அமைத்ததையும் அலுவலகப் படியேறியதையும் விவரிக்கும்போது, அவளே அக்கூற்றுக்குச் சான்றாகிறாள்.

அவர்கள் கொண்டு சென்றது வெறும் ஆறுதல் அன்று. பெண்கள் ஒதுங்கி நிற்காமல் கட்டும் பணியில் பங்குகொள்ள வேண்டும், குழுவாகச் சேர்ந்து தகவலைத் திரட்ட வேண்டும், வேலையின் தரத்தைத் தாங்களே கண்காணிக்க வேண்டும் என்ற பட்டறிவை அவர்கள் பகிர்ந்துகொண்டனர். தம் ஊர்களில் நேர்ந்த தவறுகளையும் மறைக்காமல் எடுத்துரைப்பதற்கு உரிமை உடையவர்களும் அவர்களே.

கட்சில் மறுகட்டமைப்பு நடந்த முறையும் லாத்தூரின் பாடத்தோடு ஒப்பிடத்தக்கது. கிராமங்களை வேறிடத்துக்கு மாற்றும் யோசனை முதலில் எழுந்தபோது பெரும்பாலான கிராமங்கள் அதை ஏற்கவில்லை. குஜராத் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2001 பிப்ரவரியில் நிறுவப்பட்டது. வீட்டுக்காரரே வீட்டைக் கட்டிக்கொள்வது என்ற கொள்கை பெருமளவில் கையாளப்பட்டது. உதவித்தொகை மூன்று தவணைகளில் அளிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்வையிட்டுச் சான்றளித்த பின்னரே அடுத்த தவணை. கொத்தனார்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. ‘கட்சு நவநிர்மாண் அபியான்’ என்ற தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு, கிராமத் தொகுதிகளுக்கு நடுவே ‘சேது’ என்னும் தகவல் நிலையங்களை அமைத்தது. சேது என்றால் பாலம்; மக்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையே அவை பாலமாகவே விளங்கின. மாநிலத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டன. 9 லட்சத்துக்கும் மேற்பட்டவை பழுதுபார்க்கப்பட்டன.

எல்லாம் குறைவற நடந்தன என்று கொள்ள வேண்டியதில்லை. சொந்த நிலமோ பத்திரமோ இல்லாதவர்களும் நகரங்களில் வாடகைக்குக் குடியிருந்தவர்களும் நெடுங்காலம் காத்திருந்தனர். சொத்து உடையவருக்கு ஏற்பட்ட இழப்பே இழப்பாக எண்ணப்படும்போது, சொத்தில்லாதவரின் துயரம் திட்டத்தின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆய்வுப் பயணிகள் தேடிச் சென்று காண வேண்டியவர்கள் இவர்களே.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், மராட்டிய, குஜராத் பெண்களின் இத்தகைய குழுக்கள் தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கும் வந்தன. துயரத்தில் கற்ற பாடம் இவ்வாறு ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் கைமாறியது.

நினைவை நிலைநிறுத்துதல்

மீண்டெழும் வலிமை என்பது துயரத்தை மறப்பதன்று. கில்லாரியில் ஆண்டுதோறும் செப்டம்பர் 30 அன்று மாண்டவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. அஞ்சார்ச் சிறார்களுக்கு 2022 ஆகஸ்டில் நினைவகம் திறக்கப்பட்டது. அதே நாளில் பூஜ் நகரில், மாண்டவர்களின் பெயர்களைத் தாங்கிய ‘ஸ்மிருதிவன்’ திறந்து வைக்கப்பட்டது. இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின்னரும் பெயர்களைப் பொறிக்க வேண்டும் என்ற தேவை மக்களுக்கு இருந்தது என்பதை நிர்வாகம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நினைவை நாள்தோறும் பயன்படும் அமைப்பாகவே மாற்றிக்கொண்ட மாநிலம் ஒடிசா. 1999 அக்டோபர் 29 அன்று வீசிய பெரும் புயலில் சுமார் 10,000 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டின் இறுதியிலேயே அம்மாநிலம் பேரிடருக்கெனத் தனி ஆணையத்தை நிறுவியது. புயல் காப்பகங்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. இவற்றுள் பல, புயலற்ற நாள்களில் பள்ளிகளாக இயங்குகின்றன. ஊர்க்குழுக்கள் அவற்றைப் பராமரிக்கின்றன. ஆண்டுதோறும் ஒத்திகை நடைபெறுகிறது. 2013 அக்டோபரில் பைலின் புயல் தாக்கியபோது ஏறத்தாழ 10 லட்சம் பேர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு ஐம்பதுக்குள் அடங்கியது. 2019 மே மாதத்துப் பானி புயலின்போது சுமார் 12 லட்சம் பேர் பாதுகாப்பிடம் சேர்ந்தனர். 64 பேர் உயிரிழந்தனர். 1999-இல் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவர்களும் இருந்தனர். அதே கரையோர மக்கள் பின்னர் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டதற்கு வானிலை அறிவிப்பின் துல்லியம் மட்டும் காரணமன்று. பழகிய கட்டடம், தம் ஊர்த் தொண்டர், முன்பே பார்த்த ஒத்திகை ஆகியவற்றின்மீது அவர்கள் வைத்த நம்பிக்கையும் காரணமாகும்.

பயணம் செல்வோருக்கு

பேரிடர் கண்ட ஊருக்குச் செல்லும் அதிகாரியும் மாணவரும் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று. முதலாவது, வந்தவர் அனைவரும் “அன்று என்ன நேர்ந்தது?” என்று கேட்கும்போது, மகனை இழந்த தாய் அச்சாவை மீண்டும் மீண்டும் விவரிக்க நேரிடுகிறது. “அதற்குப் பின் என்ன செய்தீர்கள்?” என்று கேட்பதே முறை. அவ்வினாவில் அவள் இரக்கத்துக்குரியவளாக அல்லாமல், கற்பிப்பவளாக மதிக்கப்படுகிறாள். அன்று நேர்ந்ததை அவளே கூற முற்பட்டால், குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, பெருங்கூட்டமாகச் செல்லலாகாது. சாவடியில் கூட்டம் கூட்டினால் ஊர்ப் பெரியவர்களின் குரலே கேட்கும். பெண்களையும் நிலமற்றவர்களையும் ஒடுக்கப்பட்ட மக்களின் தெருவில் வாழ்வோரையும் அவரவர் இடத்திலேயே சென்று காண வேண்டும். மூன்றாவது, வெற்றியை மட்டும் காட்டும் ஊர்களோடு பயணம் முடிந்துவிடக் கூடாது. பூட்டிக் கிடக்கும் வீட்டையும் பயன்படாத சமுதாயக் கூடத்தையும் பார்த்து, அவை ஏன் அவ்வாறாயின என்று வினவுதல் வேண்டும். நான்காவது, கற்றது என்ன என்பதை அவ்வூராருக்கு அவர்கள் மொழியில் எழுதி அனுப்புவது கடமையாகும். கேட்டுச் சென்றவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற மனக்குறை பல ஊர்களில் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, பயணத்தின் பயன் திரும்பி வந்த பின்னரே தெரியும். அடுத்த பேரிடர் எந்த மாவட்டத்தில் நிகழும் என்பதை எவரும் கூற முடியாது. நிகழும் நாளில், மாவட்ட ஆட்சியரின் மேசைமீது கூடாரம், போர்வை, உணவுப் பொட்டலம் ஆகியவற்றுக்கான பட்டியல் இருக்கும். அதனுடன் மற்றொரு பட்டியலும் இருத்தல் வேண்டும்: முன்னர் இடிந்து, பின்னர் எழுந்த ஊர்களில் யார் யார் வந்து பேசத் தகுதியும் விருப்பமும் உடையவர்கள் என்ற பட்டியல். அவர்களை அழைத்து வருவதற்கு ஆகும் செலவு இரயில் கட்டணமும் சில நாள் உணவுமே. மறுவாழ்வுத் திட்டங்களின் கோடிக்கணக்கான மதிப்பீட்டில் அத்தொகை மிகச் சிறியது. எனினும் அதற்கென ஒரு தலைப்பு மதிப்பீட்டில் இல்லையென்றால் அச்செலவு நிகழாது. அத்தலைப்பைத் திட்டத்தில் முதலிலேயே சேர்ப்பது, இன்று பயணம் புறப்படும் அதிகாரிகளால் இயலக்கூடிய செயலாகும்.